கடைக்கு சர்வர் போட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மதுரை விளக்குத்தூண் பக்கம், ஜவுளி மொத்த வியாபாரம்:

எங்கள் கடையில் கம்ப்யூட்டருக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. கீழே பில் போட இரண்டு, மாடியில் கணக்கு எழுத ஒன்று, குடோனில் ஒன்று. ஆனால் ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. கீழே போட்ட பில்லையெல்லாம் சாயந்திரம் பென் டிரைவில் எடுத்துப்போய் மாடியில் ஏற்றுவோம். திண்டுக்கல் பார்ட்டி போனில் கூப்பிட்டு, "மெரூன் சுங்குடி நாற்பது இருக்கா?" என்று கேட்டால், பையன் குடோனுக்கு ஓடி எண்ணிவிட்டு வரும்வரை லைனில் காத்திருக்க வேண்டும். தீபாவளி நேரத்தில் ஓடுவதற்கு எந்தப் பையன் சும்மா இருக்கிறான்?

சர்வர், அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாகக் கணக்கை ஒரே இடத்தில் வைக்கும் கம்ப்யூட்டர், என்றதும் தனி ஏசி ரூம் வேண்டும் என்று எங்கள் அப்பா பயந்துவிட்டார். வந்து இறங்கியது சாதாரண சிபியு போல ஒரு பெட்டி. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்றில் எழுதுவது அப்போதே மற்றதிலும் பதிவாகும். ரெய்டு 1 என்கிறார்கள். ஒரு டிஸ்க் போனாலும் வியாபாரம் நிற்காது. அப்புறம் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்க 8 போர்ட் நெட்வொர்க் சுவிட்ச், கேட் 6 நெட்வொர்க் கேபிள். டாலி கணக்கு சாஃப்ட்வேரையும் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் சில்வரிலிருந்து பல கம்ப்யூட்டரில் ஓடும் கோல்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. விலை சில்வரைப் போல மூன்று மடங்கு. வலித்தது அதுதான்.

வைஃபையே போதும் என்று சிலர் சொன்னார்கள். மாசி வீதிப் பழைய கட்டடங்களின் சுவர் கனம் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பில் சேவ் ஆகும் நேரத்தில் சிக்னல் அறுந்தால் டேட்டாவே கெட்டுப்போகலாம். கேபிள்தான் சரி.

இப்போது கீழே பில் போட்டதும் குடோன் ஸ்டாக்கில் குறைந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய லாபம் வேறு. பார்ட்டியின் பழைய பாக்கி பில் போடுபவர் கண்ணிலேயே படுகிறது. முன்பெல்லாம் மாடியில் அறுபது நாள் பாக்கி நிற்கும். கீழே புதுச் சரக்கு லாரி ஏறிக்கொண்டிருக்கும். மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கைப் போட வேண்டுமென்று ராத்திரி உட்கார்ந்து பில் நம்பர் ஒத்துப்பார்க்கும் வேலையும் போய்விட்டது. இன்டர்நெட் இல்லாத நாளிலும் கடைக்குள் பில் ஓடும், அதற்கு வெளி லைன் தேவையில்லை.

கப்பலூர் தொழிற்பேட்டை, லேத் பட்டறை:

அண்ணே, உங்களுக்கு ஸ்டாக், எங்களுக்கு டிராயிங். கஸ்டமர் துளை அளவை மாற்றிப் புது டிராயிங் அனுப்பியிருப்பார். மெஷின் பக்கத்தில் பழைய பிரிண்ட் தொங்கும். போட்ட பீஸெல்லாம் ரிஜெக்ட். இப்போது சர்வரில் ஒரே ஃபோல்டர். டிசைன் பார்ப்பவர் மட்டும் மாற்றலாம், ஷெட்டில் இருப்பவர்கள் திறந்து பார்க்கலாம், அவ்வளவுதான். பழையதெல்லாம் அவர்கள் கண்ணில் படாத தனி ஃபோல்டருக்குப் போய்விடும்.

ஒரு விஷயம், இடம் பெரிதாக இருப்பவர்கள் கவனியுங்கள். கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரைக்குத்தான். ஆபீஸிலிருந்து பின் ஷெட் அதைத் தாண்டியதால் ஃபைபர் இழுத்தோம். வெல்டிங் மெஷின் ஓடினாலும் லைன் தடுமாறுவதில்லை. இடி இறங்கினாலும் அது வழியாகக் கரண்ட் பாயாது, கண்ணாடி இழைதானே.

சிம்மக்கல், கம்ப்யூட்டர் சர்வீஸ்:

எல்லோரும் சர்வரைப் புகழ்கிறீர்கள். விற்பவன் நானே சொல்கிறேன், இரண்டு கம்ப்யூட்டர் கடைக்கு அது வேண்டாம். ஒன்றில் ஃபோல்டரை ஷேர் செய்து மற்றதில் திறந்தால் போதும். நாலைந்து பேர் ஒரே கணக்கில் கை வைக்க ஆரம்பித்த பிறகு யோசிக்கலாம்.

ஜவுளிக்கடை அண்ணாச்சி, இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு மருந்து மொத்தக் கடையில் வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க வேண்டுமென்று தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலான 3389 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்தார்கள். அது வழியாக எவனோ நுழைந்து எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டான். ரெய்டு என்ன செய்யும்? பூட்டிய ஃபைலையும் இரண்டு டிஸ்கிலும் விசுவாசமாக எழுதி வைத்தது. கழற்றி பீரோவில் வைத்திருந்த ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் முந்தின வாரம் வரை கணக்கு இருந்ததால் தப்பித்தார்கள். வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் இன்டர்நெட் வழியே பாதுகாப்பான தனிப் பாதை போடும் விபிஎன் போடச் சொல்லுங்கள்.

விளக்குத்தூண், ஜவுளி:

நல்லவேளை சொன்னீர்கள். எங்களிடம் எக்ஸ்டர்னல் டிஸ்க் எப்போதும் சர்வரிலேயே சொருகித்தான் இருக்கிறது. இன்னொன்று வாங்கி, இரண்டையும் மாற்றி மாற்றி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போகிறேன். அப்புறம் மாதாந்திர மின்தடை அன்று காலையிலேயே கரண்ட் போகிறது. யுபிஎஸ் அரை மணி நேரம்தான் தாங்கும். அதற்குள் ஆள் வந்து சர்வரை அணைக்காவிட்டால்?

சிம்மக்கல்:

யுபிஎஸ் பின்னால் யுஎஸ்பி போர்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சர்வரில் சொருகி, அந்தக் கம்பெனி சாஃப்ட்வேரைப் போட்டுவிடுங்கள். சார்ஜ் குறைந்ததும் சர்வர் தானே முறையாக அணைந்துவிடும். அப்புறம் மறக்காமல் நெட்வொர்க் சுவிட்சையும் அதே யுபிஎஸ்ஸில் போடுங்கள், பல கடையில் அதை மட்டும் வெளியே விட்டுவிடுகிறார்கள்.