ஐயா மலாயாவிலிருந்து கொண்டுவந்த பட்டாம்பூச்சி: எந்தப் பேர் சரி?

பள்ளத்தூர் ஆச்சி:
அப்பச்சியோட சாந்திக் கல்யாணத்துக்காக இரண்டாம் கட்டு அறையை ஒழிச்சப்போ, பெட்டகத்துக்குப் பின்னால ஒரு கண்ணாடிச் சட்டம் கிடைச்சது. உள்ள ஒரு பட்டாம்பூச்சி, என் கை அகலம் இருக்கும். கறுப்பு இறக்கையில ரம்பப்பல் மாதிரி வரிசையா பச்சை. கழுத்துல குங்குமச் சிவப்பு. ஒரு உணர்கொம்பு மட்டும் உதிர்ந்து கண்ணாடிக்குள்ளயே கிடக்கு. கொண்டுவிக்க, அதான் தொழில் பண்ண, மலாயா போன இடத்துல ஐயா வாங்கினதாம். பின்னட்டையில மசியில "ஆர்னித்தாப்டெரா புரூக்கியானா, ஈப்போ"ன்னு எழுதியிருக்கு. மகன் போன்ல தேடி, "ட்ரோகனாப்டெரான்னுல்ல வருது"ங்கிறான். ஐயாவை யாரும் ஏமாத்திட்டாங்களா? பழைய சாமான் கடைக்காரர் வேற விலை கேட்டுக்கிட்டே இருக்கார்.

பூச்சிப்பித்தன்:
ஏமாறலை ஆச்சி. உங்ககிட்ட இருக்கிறது ராஜா புரூக் பறவைச்சிறகு, மலேசியாவோட தேசியப் பட்டாம்பூச்சி. 1855-ல வாலஸ்ங்கிற இங்கிலாந்து இயற்கை ஆய்வாளர் இதுக்குப் பேர் வச்சப்போ ஆர்னித்தாப்டெரான்னுதான் வச்சார். போர்னியோ தீவுல சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக் நினைவாத்தான் புரூக்கியானா. 1890-ல ரிப்பன்னு ஒருத்தர் ட்ரோகனாப்டெரான்னு தனிப் பேரினம் வகுத்தார். பேரினம்னா நெருங்கின இனங்களோட தொகுப்பு, அறிவியல் பேர்ல முதல் பாதி. இதுவும் பிலிப்பைன்ஸோட பலவான் தீவுல இருக்கிற இன்னொண்ணும், ரெண்டே இனம்தான் அதுல. ஆர்னித்தாப்டெரா இப்போ நியூகினி, ஆஸ்திரேலியா பக்கத்துப் பூச்சிகளுக்கு. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில பறக்கிறது மூணாவது பேரினம், ட்ராய்டிஸ். வீடு மாறினாலும் புரூக்கியானாங்கிற பேர் மாறலை பாருங்க.

பச்சை இவ்வளவு பளிச்சுன்னா ஆண். ஆத்தோரத்துல ஈரமண் உறிஞ்சக் கூட்டமா இறங்கும், வலைக்கு லேசா சிக்கும். விக்கிறதுக்கு அவசரப்படாதீங்க. சைட்டிஸ்ங்கிற, காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தத்தோட பட்டியல்ல இருக்கிற பூச்சி, வனத்துறையைக் கேட்காம கைமாத்த வேண்டாம்.

காரைக்குடி வாத்தியார்:
ஆச்சி, இதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம் உங்க ஊர்லயே உண்டு. கறுப்பு இறக்கையில வெள்ளைப் பட்டை, சிவப்பு உடம்பு: கிரிம்சன் ரோஸ். ரெண்டும் ட்ராய்டினிங்கிற ஒரே கிளை, புழுவும் ஒரே குடும்பத்துக் கொடியைத்தான் தின்னும். இங்க அது ஆடுதின்னாப்பாளை. ஆடே தொடாத கசப்பைப் புழு தின்னு உடம்புல ஏத்திக்கிறதால பறவையும் தொடாது. சிவப்பு அதுக்கான எச்சரிக்கை.

பள்ளத்தூர் ஆச்சி:
அட, அந்தக் கொடியா! கிணத்தடியில களைன்னு நேத்துதான் அறுக்கச் சொன்னேன். இப்போ போய்ப் பார்த்தேன், வேர் இருக்கு. அறுத்துப் போட்டதுல முள்ளுமுள்ளா செங்கறுப்புப் புழு நாலு. வாத்தியாரே, அதுகளை என்ன செய்ய?

காரைக்குடி வாத்தியார்:
கொடியோடயே ஒரு டப்பாவுல போட்டு, மேல துணி கட்டி வைங்க ஆச்சி. தினம் புது இலை போடணும். ஊரணிக் கரையில தேடுங்க, கிடைக்கும்.