ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற சூழல் ஆவணப்படம் சொல்லுங்களேன்

வணக்கம். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு ஆவணப்படம் மொட்டை மாடியில் போட்டுக் காட்டுகிறோம். வேட்டிதான் திரை. முதலில் முதுமலையில் எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்'. தமிழ்ப் பேச்சு, 40 நிமிடம்தான், ஒருவரும் எழுந்து போகவில்லை.

அடுத்த மாதம் 'ஹனிலேண்ட்' (2019). வடக்கு மாசிடோனியாவின் மலைக் கிராமத்தில் ஒரு பெண், தேன் எடுக்கும்போது பாதியைத் தேனீக்களுக்கே விட்டுவிடுவார். பக்கத்தில் குடிவந்த குடும்பம் அப்படி விடாததால் வருகிற வினைதான் படம். எனக்கு உயிர். ஆனால் ஆங்கில சப்டைட்டிலை ஒன்பதாம் வகுப்புப் பையன் சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் ஒரு வரி முடிப்பதற்குள் மூன்று வரி ஓடிவிடும். வாண்டுகள் பாதியிலேயே தூங்கிவிட்டன.

தமிழ் டப்பிங்கோ சப்டைட்டிலோ உள்ள படங்கள் தெரிந்தால் சொல்லுங்கள். கடல், ஏரி, குப்பை, எதுவானாலும் சரி. புலி மானைத் துரத்துகிற ரகம் வேண்டாம், அது டிவியிலேயே ஓடுகிறது. படத்தில் மனிதர்களும் இருக்க வேண்டும்.

அப்புறம், இலவசமாகத் திரையிட்டாலும் முறையாக அனுமதி வாங்க யாருக்கு எழுத வேண்டும்? வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.