லெகோ கட்டும் போட்டி: ஆறு பிள்ளைகளை ஒரு அணியாக்குவது எப்படி?

கொக்குவில் அக்கா:
வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்திலிருந்து பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் ஆறு பேரை லெகோ போட்டிக்கு அனுப்புகிறோம். நேரம் இரண்டு மணித்தியாலம், கட்டைகளைப் போட்டி நடத்துபவர்களே தருவார்கள், தலைப்பு ஊரின் அடையாளம். பிள்ளைகள் யாழ்ப்பாணக் கோட்டைதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். தனித்தனியே விட்டால் வடிவாகக் கட்டுகிறார்கள், ஒன்றாக இருத்தினால் இரண்டு பேர் கட்ட மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இல்லையென்றால் ஒரே கட்டைக்கு இழுபறி. எங்கே தொடங்குவது?

நல்லூர் வாத்தியார்:
அக்கா, ஒரே தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்தால் கை போகாது. ஆளுக்கொரு அடித்தட்டு கொடுத்து, ஒருவருக்கு வாசல், மற்றவர்களுக்கு மதில் என்று பிரியுங்கள். ஆனால் கட்டத் தொடங்க முன்னரே மதில் எத்தனை கட்டை உயரம், ஓரம் எங்கே முடிய வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து தாளில் கீறி ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கடைசிப் பத்து நிமிடத்தில் துண்டுகள் பொருந்தாமல் அழுகைதான் மிஞ்சும். சதுரக் கட்டத் தாளில் பக்கத்தோற்றம் கீறும்போது கவனம்: கட்டையின் அகலம் அதன் மேலுள்ள ஒவ்வொரு குமிழுக்கும் 8 மில்லிமீற்றர், கட்டையின் உயரம் 9.6, அதனால் ஐந்து கட்டை அடுக்கினால்தான் ஆறு குமிழ் அகலத்துக்குச் சரி வரும். மெல்லிய தட்டை மூன்று சேர்ந்தால் ஒரு கட்டை உயரம். மூட்டுக்கு மேல் மூட்டு வராமல், மேசன்மார் கல் வைக்கிற மாதிரி மாற்றி மாற்றி அடுக்கப் பழக்குங்கள். தூக்கி மேசை மாற்றும்போது உடையாது.

பண்ணைக்காரன்:
வாத்தியார் சொன்னது சரி, ஆனால் கோட்டைக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 1658இல் பிடித்த பிறகு ஒல்லாந்தர் அதை ஐந்து மூலையாக்கி விட்டார்கள், ஒழுங்கான ஐங்கோணத்தின் உள்கோணம் 108 பாகை, சதுரத் தட்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்தால் அது வரவே வராது. பிணைச்சல் துண்டு தந்தால் மதிலைத் திருப்பலாம். தராவிட்டால் முழுக் கோட்டையையும் விட்டுவிட்டு ஒரு கொத்தளம், வாசல், அகழிக்கு நீலத் தட்டை, இவ்வளவையும் நன்றாகச் செய்யுங்கள். பார்த்த உடனே எங்கட கோட்டை என்று யாருக்கும் விளங்கும்.

கொக்குவில் அக்கா:
மெத்தப் பெரிய உதவி தம்பி. அந்தக் கட்டைச் சண்டைக்கு என்ன செய்ய?

நல்லூர் வாத்தியார்:
தொடங்கின உடனே ஆறு பேரும் நிறம், அளவு பார்த்துப் பிரித்துப் போடட்டும். பிறகு எடுத்துக் கொடுக்க ஒரு பிள்ளை மட்டும், மற்றவர்கள் பெட்டியில் கை வைக்கக் கூடாது. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஆளை மாற்றுங்கள், அப்போது அந்த வேலையையும் மதிப்பார்கள். மணிக்கூட்டை வைத்தே பழக்குங்கள்.

கொக்குவில் அக்கா:
சரி. பிணைச்சல் துண்டு தருவார்களா என்று நடத்துபவர்களிடம் இன்றைக்கே கேட்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாசலைக் கீறச் சொல்லப் போகிறேன்.