கிளிநொச்சிக்குத் தினமும் போய்வர மின்சாரக் காரா, பெற்றோல் காரா?

கேள்வி (கோண்டாவில் ஆசிரியை):
அனைவருக்கும் வணக்கம். கோண்டாவிலிலிருந்து கிளிநொச்சியில் உள்ள பாடசாலைக்கு மாதத்தில் 20 நாட்கள் போய்வருகிறேன். போக வர ஏறத்தாழ 130 கிலோமீற்றர். இப்போதுள்ள பெற்றோல் கார் பழுதாகிவிட்டதால், குறைந்த விலைக்கு வந்திருக்கும் 24 கிலோவாட் மணி பற்றரி கொண்ட பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். பத்து ஆண்டுகள் வைத்திருந்தால் எது இலாபம்?

பதில் (சுன்னாகம், வாகன மின் வேலை):
அக்கா, அந்தக் காரை வாங்க வேண்டாம். அதன் பற்றரி புதிதாக இருந்தபோதே ஒரு முறை ஏற்றினால் ஏறத்தாழ 120, 135 கிலோமீற்றர்தான் ஓடும். காற்றால் மட்டுமே குளிரும் பற்றரி என்பதால் எங்களுடைய வெயிலில் அதன் கொள்ளளவு வேகமாகக் குறையும். முகப்பில் பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் எட்டுத்தான் தெரிகிறதென்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று கொள்ளுங்கள். அதற்கு மாற்றுப் பற்றரி போடும் செலவையும் சேர்த்தால் மலிவாக வாங்கியதன் பயன் முழுவதும் போய்விடும். உங்கள் ஓட்டத்துக்கு 40 கிலோவாட் மணிக்குக் குறையாத பற்றரி வேண்டும்.

அத்தகைய கார் கிடைத்தால் கணக்கு மாறுகிறது. மாதம் 2,600 கிலோமீற்றருக்கு, லீற்றருக்கு 14 ஓடும் பெற்றோல் கார் ஏறத்தாழ 186 லீற்றர் குடிக்கும். மின்சாரக் காருக்கு, ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 430 அலகு (கிலோவாட் மணி) அளவில் போதும். ஆனால் அந்த 430 அலகும் வீட்டுப் பாவனைக்கு மேல் ஏறுவதால், 180 அலகுக்கு மேற்பட்ட மிக உயர்ந்த கட்டணப் படியிலேயே பெரும்பகுதி விழும் என்பதைப் பலர் பார்ப்பதில்லை. ஆகவே இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை மலிவாகக் கிடைக்கும் நேரவாரிக் கட்டணத்துக்கு மாற முடியுமா என்று உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். 3.3 கிலோவாட் மின்னேற்றி (சார்ஜர்) ஒன்று அந்த ஏழு மணிநேரத்தில் உங்களுக்குத் தேவையான 21, 22 அலகை ஏற்றிவிடும். எஞ்சின் ஒயில், பில்டர், பிளக் எதுவும் இல்லை; பிரேக் பாட்டும் நெடுநாள் நிற்கும்.

பதில் (சாவகச்சேரி):
இன்றைய விலையை மட்டும் வைத்துப் பத்து ஆண்டுக்குக் கணக்குப் போட வேண்டாம் என்பது என் பணிவான கருத்து. 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயானது. அந்த ஓகஸ்டிலேயே மின்கட்டணமும் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. எரிபொருள் வரிசையில் இரவு முழுவதும் நின்ற எனக்கு மின்சாரக் கார் வைத்திருந்தவர்கள் மேல் பொறாமை வந்தது உண்மை. ஆனால் அதே ஆண்டு மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டும் இருந்தது. கூரையில் சூரியப் படலம் போட வசதியிருந்தால்தான் இரண்டு விலையேற்றத்திலிருந்தும் ஓரளவு தப்பலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கட்டணப் படியை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. 40 கிலோவாட் மணிக் கார் ஒன்றைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும், தம்பி?

பதில் (சுன்னாகம்):
முழுவதும் ஏற்றச் சொல்லி, விற்பவரையும் அழைத்துக்கொண்டு ஏசி போட்டபடி ஆனையிறவு வரை போய்த் திரும்புங்கள், அக்கா. ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓடியதும் எத்தனை சதவீதம் மிச்சம் என்று பாருங்கள். பாதிக்கு அருகில் இருந்தால் விலை பேசலாம்.