ஒரே வகுப்பில் ஆறு மொழிகள், பேசாத ஒரு குழந்தை: யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். 28 பிள்ளைகள், அவர்கள் வீட்டில் பேசும் மொழிகள் மட்டும் ஆறு. நடுவில் வந்து சேர்ந்த ஒரு பெண் மூன்று மாதமாக வகுப்பில் வாயே திறக்கவில்லை, ஆனால் சொல்வது புரிகிறது, நோட்டில் எல்லாம் சரியாகச் செய்கிறாள். புது மொழிக்குள் வரும் பிள்ளைகள் கொஞ்ச காலம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது வழக்கம்தான், அதனால் நான் கட்டாயப்படுத்தவில்லை. மற்ற பிள்ளைகள் அவளை விட்டுவிட்டே விளையாடப் பழகிவிட்டார்கள், அதுதான் மனதை அறுக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-இல் கொண்டுவந்த ஜிக்சா முறையைச் செய்து பார்த்தேன். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தால், ஒவ்வொருவர் சொல்வதையும் மற்றவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். நல்ல முறை. ஆனால் அவள் முறை வந்ததும் பக்கத்துப் பையன் தாளை வாங்கி அவனே படித்துவிடுகிறான், உதவி செய்வதாகத்தான் நினைக்கிறான் பாவம். படம் வரைந்தோ அவள் மொழியிலேயே எழுதியோ அவள் பங்கைச் சொல்லவைத்தவர்கள் இருக்கிறீர்களா? எப்படிச் செய்தீர்கள்?

அப்புறம் இன்னொன்று. வீட்டிலும் பள்ளி மொழியிலேயே பேசுங்கள் என்று அவள் அம்மாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது தவறு, தாய்மொழி வலுவாக இருந்தால் அடுத்த மொழிக்கும் அது துணைதான். அந்த அம்மாவுக்கும் எனக்கும் பொதுவான மொழி இல்லை. பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காமல் இதை அவரிடம் எப்படிப் பேசுவது?