மறுமொழி: ‘லாஸ்ட் டு ஃபாலோ-அப்’ – கலைச்சொல் தேவை

> ‘பின்தொடர்தலில் தொலைந்தவர்’ சரிவருமா? இல்லை, ‘சிகிச்சையைக் கைவிட்டவர்’ என்றே போட்டுவிடலாமா?

வணக்கம்.

மருத்துவமனையின் அல்லது ஆய்வாளரின் தொடர்பிலிருந்து விட்டுப்போனவரைக் குறிப்பது ‘லாஸ்ட் டு ஃபாலோ-அப்’ (lost to follow-up). அதற்கு நீங்கள் கேட்ட இரண்டுமே வேண்டாம் ஐயா. பின்தொடர்தல் என்றால் ஒருவர் பின்னாலேயே போவது. மருத்துவமனை குறித்த நாளில் வரச் சொல்கிறது, வராவிட்டால் ஆள் அனுப்பி விசாரிக்கிறது. அது ‘தொடர்கவனிப்பு’. வினையாக வரும்போது ‘தொடர்ந்து கவனித்தோம்’ என்று பிரித்து எழுதினால் போதும். ‘தொடர்கவனிப்பு செய்யப்பட்டது’ என்று இழுக்க வேண்டியதில்லை. அலுவலகக் கடிதத்தில் வரும் ஃபாலோ-அப் வேறு. அதற்குத் ‘தொடர் நடவடிக்கை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

‘கைவிட்டவர்’ என்பதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். காசநோய் அறிக்கைகளில் முன்பு ‘டிஃபால்ட்டர்’ என்று எழுதிவந்தார்கள், கடன் கட்டாதவரைச் சொல்வதுபோல. 2013-இல் உலக சுகாதார நிறுவனம் வரையறைகளைத் திருத்தியபோது, நோயாளிமேல் பழிபோடும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுத்தான் ‘லாஸ்ட் டு ஃபாலோ-அப்’ என்று வைத்தது. நாம் ‘கைவிட்டவர்’ என்று எழுதினால், எடுத்த பழியைத் தமிழில் திரும்பவும் ஏற்றுகிறோம்.

வரையறைக்கும் அது பொருந்தாது. சிகிச்சையைத் தொடங்காமலே போனவரும் இதில் சேர்வார். தொடர்ந்து 2 மாதமோ அதற்கு மேலோ சிகிச்சை தடைப்பட்டவரும் சேர்வார். தொடங்காதவர் எதைக் கைவிட்டார்? பிழைப்புக்காக வெளியூர் போனதில் மருந்து நின்றவருக்கும் அறிக்கை அட்டவணையில் இதே கட்டம்தான்.

மருத்துவ ஆய்வுகளில் பொருள் சற்று விலகும். அங்கே ஆளைப் பற்றிய தகவல் ஆய்வாளருக்குக் கிடைக்காமல் போனது என்பதே செய்தி. அவர் ஒழுங்காக மருந்து சாப்பிட்டு நலமாகவே இருக்கலாம். 1956-இல் தொடங்கிய சென்னைக் காசநோய் ஆய்வில் வீட்டிலும் சானடோரியத்திலும் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) ஓராண்டு சிகிச்சை பெற்றவர்களை 5 ஆண்டுவரை கவனித்தார்கள். அப்படி நீளும் ஆய்வுகளில் இந்தக் கட்டத்தில் வரும் எண்ணிக்கை எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ, முடிவுக்கு அவ்வளவு நம்பகம்.

‘விடுபட்டோர்’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் அட்டவணையில் ‘குணமடைந்தோர்’ என்பதற்குக் கீழே ‘விடுபட்டோர்’ என்று வந்தால், நோயிலிருந்து விடுபட்டவர் என்றே படிப்பார்கள். பொருள் நேரெதிராகிவிடும்.

ஆகவே ‘தொடர்கவனிப்பு அறுந்தோர்’ என்று முன்மொழிகிறேன். ‘அறுத்தோர்’ அல்ல, ‘அறுந்தோர்’. அறுத்தது நோயாளியா, மருத்துவமனையா, வறுமையா என்று சொல் தீர்ப்பு எழுதாது. காசநோய் அறிக்கை, மருத்துவ ஆய்வு இரண்டுக்கும் ஒத்துவரும்.

அன்புடன்.

---

வணக்கம் ஐயா. அறிக்கைக்கு ‘அறுந்தோர்’ நன்றாக இருக்கிறது. நோயாளி கையில் கொடுக்கும் சீட்டில் மட்டும் ‘தொடர்கவனிப்பு நாள்’ என்று அச்சடித்துவிடாதீர்கள். எங்கள் புறநோயாளிப் பிரிவில் ‘ரிவியூவுக்கு வாங்க’ என்போம். புரியாதவர்களிடம் ‘மறுபடி வந்து காட்டணும்’ என்போம். வயதானவர்கள் அந்தச் சீட்டைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்கிறார்கள்.

---

சரிதான் அம்மா. சீட்டுக்கு ‘மறுபடி வர வேண்டிய நாள்’ என்றே வைப்போம். அட்டவணைக்கும் கட்டுரைக்கும் ‘தொடர்கவனிப்பு அறுந்தோர்’. மறுப்பு உள்ளவர்கள் எழுதுங்கள். கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது வரையறையையும் கூடவே சேர்த்துவிடுகிறேன்.