மறு: டிரிப் லூப் – ‘வடிதொங்கல்’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

கேபிள் கட்டடத்துக்குள் நுழையுமுன், வழியும் நீர் சொட்டி விழ விடும் வளைவுக்கு ஆங்கிலத்தில் ‘டிரிப் லூப்’ (drip loop) என்று பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு ‘சொட்டு வளையம்’ என்று ஐயா எழுதியதையும், ‘வடிவளைவு’ போதும் என்று தங்கை எழுதியதையும் படித்தேன். இரண்டிலும் பொருள் பிசகவில்லை. ஆனால் இந்தச் சொல் ராமநாதபுரம் கரையில் மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் ரேடியோ ஆன்டெனாக் கோபுரம் ஏறுகிற பிள்ளைகளின் கையேட்டுக்குப் போகிறது. காதில் விழுந்ததும் கை சரியாக வேலை செய்ய வேண்டும். நான் அதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

ஆன்டெனாவிலிருந்து இறங்கும் கேபிள் நேராகச் சுவர்த் துளைக்குள் நுழைந்தால், உறைமேல் வழியும் நீரும் கூடவே உள்ளே வந்து ரேடியோவின் முதுகில் இறங்கும். துளைக்குக் கீழே ஒரு சாண் இறக்கி, திரும்ப மேலே ஏற்றி நுழைத்தால், தாழ்ந்த இடத்திலேயே நீர் வடிந்து விழுந்துவிடும். இவ்வளவுதான் விஷயம்.

எங்கள் கரையில் வழிவது வெறும் மழைநீர் இல்லை. ஆடியில் கச்சான் காற்று உப்பையும் மணலையும் வாரி அடிக்கும். கேபிளில் படியும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஐப்பசியில் முதல் மழை அதைக் கழுவி இறக்கும். கேபிளின் முனையில் மாட்டும் பிஎல்-259 இணைப்பி தானாக நீரைத் தடுக்காது. ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினால்தான் தாங்கும். ஒருமுறை உப்புநீர் உள்ளே போய்விட்டால் கேபிள் உறைக்குள் இருக்கும் செப்புக் கம்பிப் பின்னல் விளக்குத் திரி மாதிரி உறிஞ்சிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட கேபிளின் உறையைக் கத்தியால் கீறிப் பாருங்கள். பளபளப்பாக இருக்க வேண்டிய பின்னல் கறுத்து, இடையிடையே பச்சைக் களிம்பு பூத்திருக்கும். இணைப்பியை மட்டும் மாற்றிப் பயனில்லை, நல்ல செம்பு தெரிகிற வரைக்கும் கேபிளை வெட்டி எறிய வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘வளையம் போடு’ என்றால் மிச்சக் கேபிளை வட்டமாகச் சுருட்டிக் கட்டிவிடுகிறார்கள். அந்தச் சுருள் துளைக்கு மேலே இருந்தால் நீர் துளைக்குத்தான் போகும். தவிர, செப்புப் பின்னலின் வெளிப்புறமாக ஓடும் ரேடியோ மின்னோட்டத்தைத் தடுக்க, ஆன்டெனாவின் முனையில் வேண்டுமென்றே கேபிளைச் சுருட்டுவதும் உண்டு. ‘வளையம்’ அந்த வேலைக்கு இருக்கட்டும். ‘வடிவளைவு’ அச்சில் வந்தால் கண் ‘வடிவ’ என்றுதான் முதலில் பிரிக்கிறது. ‘வடிதொய்வு’ என்றும் யோசித்துப் பார்த்தேன். கோபுரத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியில் தொய்வு வந்தால் ஆபத்து. அதே சொல்லை இங்கே நல்லதாகக் கற்பிப்பது சரிப்படாது.

அதனால் என் முன்மொழிவு ‘வடிதொங்கல்’. வடிகால், வடிதட்டு போல வினைத்தொகை. ஒற்று மிகாது, ‘வடித்தொங்கல்’ என்று எழுத வேண்டாம். ‘வடிதொங்கல் விடு’ என்று சொன்னாலே கை தாழப் போகும். கேபிளைத் தொங்கவிடாதே என்பதுதானே முதல் பாடம் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கிவிட்டு, நடுவயிற்றை மட்டும் விடுகிறோம். காற்றில் கேபிள் ஆடி உரசக்கூடாது. ‘வடி’ என்ற முதற்சொல் அந்தத் தொங்கல் எதற்காக என்பதைச் சொல்லிவிடுகிறது. வளைவும் இறுக்கமாக இருக்கக்கூடாது: சுமார் 10 மி.மீ. தடிமனுள்ள ஆர்ஜி-213 கேபிளுக்கு ஆரம் 10 செ.மீ.க்குக் குறையாமல் விட்டால் நல்லது.

ஒன்றைக் கட்டாயம் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். இந்த வார்த்தை எர்த் கம்பிக்குப் பொருந்தாது. மின்னலை மண்ணுக்கு இறக்கும் கம்பி முடிந்தவரை குட்டையாக, நேராக இறங்க வேண்டும். அதில் வளைவு விட்டால் மின்னல் கம்பியை விட்டுப் பக்கத்தில் இருப்பதன்மேல் பாயக்கூடும். இரண்டும் ஒரே சுவரில் அடுத்தடுத்து வருவதால், பார்க்க ஒரே சீராக இருக்கட்டும் என்று இரண்டுக்கும் வளைவு விட்டுவிடுகிறார்கள்.

கலைச்சொல் பட்டியலுக்கு நான் எழுதியது:

வடிதொங்கல் – சிக்னல் அல்லது மின்சாரக் கேபிள் கட்டடத்திற்குள் நுழையுமுன், நுழைதுளையைவிடத் தாழ்வாகத் தொங்கவிடப்படும் வளைவு. வழிந்துவரும் நீர் இதன் அடியில் வடியும். எர்த் கம்பிக்கு விடக்கூடாது.

‘நுழைதுளை’ தற்காலிகமாகப் போட்டதுதான். கேபிள்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடி, மின்னல் காப்பான்களோடு உள்ளே போகிற உலோகத் தகட்டுக்கு ‘நுழைதகடு’ என்று வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும். அதற்கு வேறு சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள், அடுத்து அதை எடுத்துக்கொள்வோம்.